காந்தம் வராத சீசன்

தென்காசியில் மின்சார ஆட்டோ ஷோரூமில் நான் சர்வீஸ் இன்சார்ஜ். எனக்குக் கோபம் சட்டென்று வரும். பேச்சியம்மாள் தன் ஆட்டோவைக் கயிறு கட்டி இழுத்து வந்த அன்று வந்த கோபம், இப்போது நினைத்தாலும் வருகிறது.

சாரல் தொடங்கியிருந்தது, அருவியில் குளிக்கக் கூட்டம் வரும் சீசன். ஐந்தருவிக்கு ஆள் ஏற்றுகிறவர்களுக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. வருஷம் முழுக்கப் பிழைப்புக்கு அவள் அந்த சீசனைத்தான் நம்பியிருந்தாள்.

“மோட்டார்ல சத்தம் வந்துச்சு அண்ணாச்சி. என் தம்பி கழத்திப் பாத்தான். பேரிங் வரமாட்டேன்னு நின்னுச்சு. லேசா சூடு காட்டுனான், வேற ஒண்ணும் செய்யல.”

தம்பிக்கு வீரகேரளம்புதூரில் மோட்டார் வைண்டிங் கடை. பேரிங் கழலாவிட்டால் கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டுவது அந்தக் கடைகளின் வழக்கம். கிணற்று மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரில் காந்தம் கிடையாது, சூடு பட்டால் ஒன்றும் ஆகாது. ஆட்டோ ரோட்டரில் இருப்பதோ நியோடிமியம் காந்தம். அளவு மீறிச் சூடானால் சக்தி போய்விடும்.

ரோட்டரில் ஒரு ஸ்பேனரை வைத்தேன். காந்தத்துக்குச் சக்தி இருந்தால் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தெடுக்கப் படாதபாடு படவேண்டும். பொத்தென்று கீழே விழுந்தது.

“எவம்லே டார்ச் காட்டச் சொன்னது?” என்று அங்கே இல்லாத தம்பியைத் திட்டித் தீர்த்தேன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஸ்பேர்ஸ் மேனேஜர் சலித்துக்கொண்டார். “காந்தமே வரலை சார். வெளிநாட்டுக்காரன் அனுப்புறதை நிறுத்தி வச்சிருக்கான். புது வண்டி செய்யுற லைனே நிக்குது, ஸ்பேருக்கு நான் எங்க போறது?”

பேச்சியம்மாள் தினமும் வந்தாள். ஒருநாள் ஷோரூமில் நின்ற கடைசி வண்டியைக் காட்டினாள்.

“அதுல இருக்கதக் கழத்தி மாட்டுங்க அண்ணாச்சி. சீசன் போவுதுல்லா.”

“அது செங்கோட்டைக்காரர் ஒருத்தர் புக் பண்ணுனது தாயி. அவரும் சீசனுக்குத்தான் எடுக்காரு.”

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. காலையில் மலையில் மேகம் இறங்கினால் ஊரே குளிர்ந்து போகும். எனக்கு மட்டும், அவளுக்கு இன்னொரு நாள் போச்சு என்று கணக்கு ஓடும். பழைய இரும்புக் கடைகளில் தேடினேன், அச்சன்புதூரில் விபத்தான வண்டி கிடக்கிறது என்று கேட்டு ஓடினேன். அதன் மோட்டாரை எவனோ முந்திக்கொண்டு கழற்றிப் போயிருந்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கம்பெனியில் கேட்டால் எதுவும் வந்துவிடும் என்று நம்பி ஒரு பழைய ரோட்டரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். வண்டியை டெலிவரி கொடுக்கும்போதே, மோட்டாருக்குள் இருப்பது என்ன, எதைச் செய்தால் கெடும் என்று வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் யாருக்கும் சொல்லவில்லை.

கடைசியில் ரோட்டர் வந்தது. நானே மாட்டி, பேச்சியம்மாளைப் பின்னால் உட்காரவைத்து ஐந்தருவி வரை ஓட்டிப் பார்த்து, அங்கேயே சாவியைக் கொடுத்தேன். சீசன் முடிந்து, அருவி தண்ணீரில்லாமல் வெறும் பாறையாகக் கிடந்தது. கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சத்தமே இல்லாம நல்லா ஓடுது அண்ணாச்சி,” என்றாள் பேச்சியம்மாள். “இனி யாரை ஏத்த?”