நாற்பத்தெட்டு டிகிரி

தமிழ்வாணிக்கு மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. எப்படி இறங்கும்? செய்த காரியம் அப்படி.

விளாங்குடியில் மோட்டாருக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சின்ன ஷெட் ஒன்றில் அவள் என்ஜினியர். அவள் பெட்டிக்கு மோட்டாருக்குள் எந்தக் கருவியும் வைக்க வேண்டாம். உள்ளே போகும் கரண்டை மட்டும் பார்த்து, மோட்டார் என்ன வேகத்தில் சுற்றுகிறது, உள்ளே கம்பிச்சுருள் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கணித்துச் சொல்லிவிடும். சூடு மிஞ்சினால் தானே நிறுத்தும். அப்பா பால்பாண்டி அடுத்தவர் காட்டில் களை வெட்டியே அவளைப் படிக்க வைத்தவர். மகள் செய்த பெட்டி ஊர் ஊராகப் போகிறது என்று டீக்கடையில் சொல்லி மாளாது அவருக்கு.

பேரையூர்ப் பக்கம் அன்னக்கொடியின் கிணற்றடியில் பெட்டியை மாட்டப் போனவளும் தமிழ்வாணிதான். அன்னக்கொடியின் புருஷன் காளை ஆந்திராவில் முறுக்குக் கம்பெனி போட்டிருந்தான். ஊரில் பருத்திக்காடு முழுக்க அன்னக்கொடி பொறுப்பு. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுவாள். எண்ணி முடிக்குமுன் கை தாங்காவிட்டால் நிறுத்திவிடுவாள். அதைப் பார்த்துத் தமிழ்வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் தொட்டுப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், பெட்டியில் நம்பரைப் பார்த்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அந்தச் சிரிப்பையாவது அவள் அடக்கியிருக்கலாம்.

சித்திரையில் ஒரு மத்தியானம், சோற்று டப்பாவைத் திறக்கும்போது அன்னக்கொடியிடமிருந்து போன் வந்தது.

"தொட முடியல தாயி. மூணு எண்ணுறதுக்குள்ள சுடுது. நம்பரு நாப்பத்தெட்டுனுதான் காட்டுது. நிறுத்திரவா?"

"நம்பரு சரியாத்தான்க்கா இருக்கும். அடிக்கிற வெயிலுக்கு மேல சுடத்தான் செய்யும். ஓடட்டும்."

கரண்டு போய்ப் போய் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பசி அவசரம். அரை மணி நேரத்தில் மோட்டார் புகைந்து கருகிப்போனது.

பெட்டி ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. உள்ளிருந்த பதிவைத் தமிழ்வாணி எடுத்துப் பார்த்தாள். அன்றைக்குக் கரண்டு பதினோரு தடவை போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பெட்டி பழைய சூட்டை மறந்து, மோட்டார் ஆறிக் கிடப்பதாக நினைத்து, முப்பத்தைந்து டிகிரியிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறது. ஷெட்டில் கரண்டு போனால் பேட்டரி தாங்கிக்கொள்ளும். சோதனை நடந்த நாளெல்லாம் பெட்டி ஒருமுறைகூட அணைந்ததில்லை. பேரையூர்க் காட்டில் கரண்டு எந்த லட்சணத்தில் வரும் என்று பால்பாண்டி மகளுக்குத் தெரியாதா? தெரியும். அதை மறந்துபோனதுதான் கொடுமை.

பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று எழுதிவிடச் சொன்னார் முதலாளி ஜெயபாண்டி. எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். பிறகு கரண்டு போனாலும் சூட்டை மறக்காதபடி புரோகிராமில் நாலு வரி சேர்த்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தக் காகிதத்தின் படம் காளையின் போனுக்குப் போனது. அன்றிலிருந்து அவன் வாயில் அன்னக்கொடி மோட்டாரை எரித்தவள் ஆனாள். சொந்தபந்தத்திடமும் அதையே சொன்னான். புது மோட்டார் மாட்டப் போன பிட்டர் சின்னான் இதை வந்து சொன்னதிலிருந்து தமிழ்வாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரையூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்னக்கொடி காய்ந்தது போக மிச்சமிருந்த பருத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். தமிழ்வாணி ஒன்று விடாமல் சொன்னாள், அழுதாள். இத்தோடு மனசு லேசாகிவிடும் என்று நினைத்தாள், பாவம்.

அன்னக்கொடி சேலையில் கையைத் துடைத்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்கு அன்னைக்கே தெரியும். படிச்ச புள்ள சொல்லுதேனுதான் கையை எடுத்தேன்."

போனில் புருஷன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அதைத் தமிழ்வாணி கையில் வைத்துவிட்டு மறுபடி களையெடுக்கக் குனிந்துகொண்டாள்.

"என்னடி, இன்னைக்கு எதை எரிச்ச?" என்றான் காளை.

அன்னக்கொடி நிமிரவில்லை. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் அவள்.

"அண்ணே," என்றாள் தமிழ்வாணி. "எரிச்சது நான்."