கட்டம் போட்ட பாவாடையில் மூன்று வருடம்

ஓட்டலில் பரிமாறுகிறவனுக்குச் சமையல் தெரிய வேண்டாம், விஸ்கியின் ருசி தெரிய வேண்டாம். கொடுத்த உடுப்பை எதிர்க்கேள்வி கேட்காமல் மாட்டிக்கொள்ளத் தெரிந்தால் போதும். கம்பெனி தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி பார்க்காமலே டியூட்டிக்குக் கிளம்பிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். செக்யூரிட்டித் தொப்பி, கோழிக்கடை மஞ்சள் பனியன், பெட்ரோல் பங்க் பச்சைச் சட்டை என்று ஆளுக்கொன்று வாய்த்திருக்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள்.

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். கேட்டரிங் படித்துவிட்டு துபாயில் ஒரு பெரிய ஓட்டலின் காபி ஷாப்பில் சர்வராகச் சேர்ந்தேன். எந்தத் திசையில் பார்த்தாலும் கிரேன் நின்ற காலம் அது. செல்ஃபோனில் கேமரா வந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, ஒரு டை. குறை ஒன்றும் இல்லாமல் இருந்தேன். அப்போதுதான் ஓட்டல்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஸ்காட்லாந்து பாணியில் ஒரு பார் திறக்க வேண்டும் என்று தோன்றியது. எங்களில் ஆறு பேரை அங்கே மாற்றினார்கள். அதில் நானும் என் ரூம்மேட் முருகேசனும் அகப்பட்டோம்.

பொட்டலம் மாறிப்போச்சு

முதல் நாள் யூனிஃபார்ம் ரூம் ஜன்னலில் ரஃபீக் பாய் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். அவர் பங்களாதேஷ்காரர், ஓட்டல் லாண்டரி முழுவதும் அவர் பொறுப்பு. பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்டு, கொசுவம் கொசுவமாக மடிப்பு வைத்த ஒரு பாவாடை. முருகேசன் கமுதிக்காரன், அவன் வாய் சும்மா இருக்காது. "கான்வெண்ட்டுப் பிள்ளைக பாவாடை நமக்கு மாறி வந்துருச்சுடா" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பழையபடி மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். நானும் கொடுத்தேன்.

ரஃபீக் பாய் இரண்டையும் மறுபடி எங்கள் பக்கமே தள்ளினார். எங்களிடம் பழகிப் பழகி அவருக்கு நாலைந்து தமிழ் வார்த்தைகள் தெரியும். அதில் ஒன்றை அன்றைக்குச் செலவழித்தார். "லேடீஸ் நஹி பாய், ஜெண்ட்ஸ்! ஜல்தி போடு!"

கரை எந்தக் கட்சி?

மேனேஜர் இங்கிலாந்துக்காரர். அரை நாள் வகுப்பு எடுத்தார். இது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்துவது, பாவாடை என்று சொல்லவே கூடாது, கில்ட் என்றுதான் சொல்ல வேண்டும். மடிப்பு பின்பக்கம் வர வேண்டும். கீழ் விளிம்பு முழங்காலுக்கு நடுவில் நிற்க வேண்டும். கூட வந்த அலங்கார ஊசியை வலது பக்கம், மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தினால் உடுத்தத் தெரியாதவன் என்று அர்த்தம். உட்காரும்போது பின்மடிப்பைத் தடவிவிட்டு உட்கார வேண்டும். (எங்களை எப்போது உட்கார விட்டார்கள் என்பது வேறு விஷயம்.) கடைசியாக ஒன்று சொன்னார்: அந்த நாட்டில் குடும்பத்துக்குக் குடும்பம் கட்டம் வேறாம், கட்டத்தைப் பார்த்தே இன்னார் வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்களாம்.

மற்றதெல்லாம் மண்டையில் ஏறியதோ இல்லையோ, இது எங்கள் இரண்டு பேருக்கும் உடனே ஏறியது. நம் ஊரில் வேட்டிக் கரையைப் பார்த்தால் கட்சி தெரிந்துவிடாதா? ஒரு கட்சிக் கரையைக் கட்டிக்கொண்டு இன்னொரு கட்சிக் கூட்டத்துக்குப் போனவன் வேட்டியோடு வீடு திரும்ப முடியுமா? முருகேசனுக்கு வியர்த்துவிட்டது. "இது எந்தக் குடும்பத்துக் கரைன்னு கேளுடா. நாளைக்கு அவுங்க வந்து நின்னா நாமல்ல பதில் சொல்லணும்" என்று என்னை இடித்தான். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். மேனேஜர் சிரித்தார். "யாருடையதும் இல்லை. கேடலாகில் முதல் பக்கத்தில் இருந்தது."

இறக்கிவிடுகிற கை

மடித்துக் கட்டிய கைலியைப் பெரியவர்களைக் கண்டதும் இறக்கிவிடுவது நாம் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். கைலிக்கும் கில்ட்டுக்கும் வித்தியாசம் என் மூளைக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை. மூட்டு தெரிய நிற்கும்போதெல்லாம் யாருக்கோ மரியாதைக் குறைவு செய்வது போலவே இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் நம்மவர் ஒருவர் மகனோடு வந்தார். எழுபது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. மகனுடைய ஆபீஸ் விருந்து. அவர் எலுமிச்சை ஜூஸோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்ததும் அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், என் இரண்டு கையும் இடுப்புக்குப் போய்விட்டன. முன்துணியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். இடுப்புப் பக்கிள் தெறித்து ஜூஸ் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. அவிழ்ந்ததைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வராத குறை. மகன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. பக்கிளை எடுத்து என்னிடம் நீட்டி, தணிந்த குரலில் சொன்னார்: "விடுப்பா, அது இறங்காது."

சிரிக்கக் கற்றுக்கொள்

உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று மூன்று வருடத்தில் என்னிடம் எத்தனை தடவை கேட்டார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அல் குசைஸில் வாங்கிய அரை டிராயரைத்தான் உள்ளே போட்டிருந்தேன். அதைச் சொன்னாலும் விட மாட்டார்கள். ஒருவர் டேபிளுக்கடியில் கேமரா ஃபோனை நீட்டுவார். இன்னொருவர் வேண்டுமென்றே ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு எடுக்கச் சொல்வார். ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் ஒரு அம்மாள், இரண்டு கையிலும் தட்டு ஏந்தி நின்ற என் பாவாடையைக் குடைக் கம்பால் பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தார். மேஜை முழுக்கக் கைதட்டல். தட்டைத் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கவிழ்த்திருந்தால் அடுத்த ஃப்ளைட்டில் ஊர். கவிழ்க்கவில்லை. அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், எனக்குப் பேண்ட் வேண்டும் என்று கேட்டேன். எங்கள் பாரில் கேப்டனுக்கு மட்டும்தான் பேண்ட். கேப்டன் என்றால் சர்வர்களுக்கு மேலே இருப்பவர். மேனேஜர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "அப்படியானால் கேப்டன் ஆகு. அதுவரை சிரிக்கக் கற்றுக்கொள்."

நமக்க சாரம்

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறிக்கோள். மற்றவர்கள் வீடு கட்டவும் நிலம் வாங்கவும் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தார்கள். நான் ஒரு பேண்டுக்காக உழைத்தேன். ஒயின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். லீவைத் தள்ளிப்போட்டேன். அடுத்தவன் டியூட்டியையும் பார்த்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு, துவைத்த கைலியும் சட்டையுமாக ரூமுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குத் தயிர் வாங்கப் போனேன். கைலி கணுக்கால்வரை இறங்கித்தான் இருந்தது. வாசலில் செக்யூரிட்டி மறித்தார். நாகர்கோவில்காரர் (அவர்கள் ஊரில் கைலியைச் சாரம் என்பார்கள்), என்னைத் தெரிந்தவர்தான். குடும்பங்கள் வருகிற இடம், கைலியோடு விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "வாரத்துல ஆறு நாளு முட்டி தெரிய, இதே மாதிரி கட்டம் போட்டதைக் கட்டிக்கிட்டு ஆயிரம் பேரு முன்னாடி நிக்கிறேன். அதுக்கு யாரும் தடை சொல்லல. கணுக்கால் மூடியிருக்கு, இதுக்கென்ன?" என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "அண்ணே, அது ஓட்டலுக்க துணி. இது நமக்க சாரம். நமக்குள்ளதுக்குத்தான் இங்க தடை."

போட்டோ

வீட்டில் நான் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருந்தேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டூர் வந்த இடத்தில் பாருக்கு வந்து, என்னை அடையாளம் கண்டு, தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ ஈமெயிலில் ஊருக்குப் போய், பிரிண்ட் ஆகி, டீக்கடை வழியாக என் மைத்துனன் கைக்கு வந்து, என் மனைவி செல்வியிடம் சேர்ந்தது. நான் எந்த நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன் என்று மைத்துனன் விசாரித்தானாம்.

செல்வி ஃபோனில் அழுதாள். பொய் சொன்னதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்ச நாள்தான் செல்வி, கேப்டன் ஆயிருவேன், பேண்ட் குடுத்துருவாங்க, ஊரு சிரிக்கிறதை விடு" என்று என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது. போட்டோல நீங்களும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அதத்தான் என்னால பாக்க முடியல."

சொந்தக்காரர்

முருகேசன் பயந்த ஆள் கடைசியில் வந்தே விட்டார். அபுதாபியில் எண்ணெய்க் கம்பெனி வேலையில் இருந்த வயதான ஸ்காட்லாந்துக்காரர். ஒரு மதிய நேரம் நண்பர்களோடு வந்தார். உட்கார்ந்ததிலிருந்து என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு குடைக் கம்பு என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டார், போனேன். இந்தக் கட்டம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார். ஓட்டலில் கொடுத்தது என்றேன். இது அவருடைய அம்மா வழிக் குடும்பத்துக் கட்டமாம். அவர் தாய்மாமனை இதைப் போர்த்தித்தான் புதைத்தார்களாம்.

எனக்கு உடம்பு கூசிப்போனது. செத்தவருக்குப் போர்த்திய துணியைக் கட்டிக்கொண்டு பீர் ஊற்றியிருக்கிறேன், ஆட்கள் அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை உடுத்த உனக்குச் சம்மதமா என்று யாராவது கேட்டார்களா என்றார். மூன்று வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். இல்லை என்றேன். அவர் தலையாட்டினார், மேலிடத்துக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார். "எங்களையும் யாரும் கேட்கவில்லை."

பேண்ட் வந்த கதை

கடிதம் வேலை செய்தது. ஒரே மாதத்தில் ஆறு கில்ட்டுகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு பாரைப் பூட்டினார்கள். புது அலங்காரத்தோடு திறக்கப்போவதாகப் பேச்சு. அதே வாரம் எனக்குக் கேப்டன் பதவிக் கடிதமும் வந்தது. செல்விக்கு ஃபோன் போட்டு, இந்த லீவுக்கு வரும்போது பேண்ட் போட்டு டியூட்டியில் நிற்கிற போட்டோவோடு வருவதாகச் சொன்னேன். எவ்வளவு நாளைக்கு அப்புறம் அவள் சிரித்தாள் தெரியுமா?

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, கை குலுக்கி, அவர் கையாலேயே உடுப்பைக் கொடுத்தார். பார் இப்போது இந்திய ரெஸ்டாரண்ட். பெட்டியில் கண்ணாடிச் சில்லு பதித்த குட்டைக் கோட்டு ஒன்று, பஞ்சகச்சம் மாதிரி தைத்த மஞ்சள் பைஜாமா ஒன்று, பத்து முழத்துக்குச் சிவப்புத் தலைப்பாகை ஒன்று. ராஜஸ்தானில் ஒட்டகம் ஓட்டுகிறவர்கள் உடுத்துவதாம். பட்டுக்கோட்டைக்காரன் நான், ஒட்டகத்தையே துபாய் வந்துதான் பார்த்தேன். பெட்டியின் அடிவரை துழாவினேன். சார், கேப்டனுக்குப் பேண்ட் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார். "கேப்டனுக்குத் தலைப்பாகையில் இறகு உண்டு. உன் சொந்த நாட்டு உடுப்புதானே, சந்தோஷப்படு!"

பாவாடையை அவிழ்க்க ஸ்காட்லாந்திலிருந்து ஒரு மனிதராவது வந்தார். தலைப்பாகையை அவிழ்க்க, நான் வேலையை விட்டு ஊருக்கு ஃப்ளைட் ஏறும்வரை, ராஜஸ்தானிலிருந்து யாரும் வரவில்லை.