சாமளாபுரம் வளைவும் ஓர் இலவசப் பயிற்சியும்

அடுத்த மாதம் நண்பர்களோடு பைக்கில் வால்பாறை போவதாக ஏற்பாடு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எனக்கோ மூன்று மாதமாக எந்த வளைவைப் பார்த்தாலும் கை இறுகிப்போகிறது. சாமளாபுரம் போகும் வழியில் ஓர் இடது வளைவில் விழுந்து முழங்கை எலும்பில் விரிசல் விட்டதிலிருந்து இப்படித்தான். அதனால் போன ஞாயிறு இந்தக் குட்டிப் பயணம்.

பழக்கித் தர வந்தவர் செல்வராசு, தறிகளுக்கு நூல் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். திருப்பூரில் என் பட்டன் கடை வாசலில் நின்று பைக்கை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பாய், சாமளாபுரம் வளைவுல உழுந்தீங்களாட்ட? ஞாயித்துக்கெழம வாங்க, பழக்கி உடறேன். காசெல்லாம் வேண்டாமுங்க. தனியா வாங்க" என்றார்.

எந்த வளைவு என்று இவருக்கு யார் சொன்னது? காசு வேண்டாமென்றால் வேறு என்ன வேண்டும்? தனியாக எதற்கு? மனைவி போகவே வேண்டாம் என்றாள். அவளுக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன்.

காலை 5.50க்குப் புறப்பட்டு, மங்கலத்தில் டீ குடித்து (15 ரூபாய்), 6.35க்கு வளைவை அடைந்தேன். வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர். செல்வராசு முன்பே வந்திருந்தார். குனிந்து டயரை அழுத்திப் பார்த்து, "காத்து சாஸ்தியா இருக்குதுங்க, கொறைக்கட்டுமா?" என்றார். நான் தொட விடவில்லை.

வளைவை முதலில் நடந்தே காட்டினார். "முன்னாடியே வேகத்தக் கொறச்சுப்போடுங்க. உள்ள போயி பிரேக் புடிக்காதீங்க. எங்க போகோணுமோ அங்க பாருங்க."

நான்கு தடவை ஓட்டினேன். நான்கு தடவையும் வண்டி நடுக்கோட்டைத் தாண்டியது.

"எதிர்ல வர்றதயேதான் பாக்கறீங்க," என்றார். "அன்னைக்கும் ரோட்டப் பாக்கலீங்க பாய். என் மூஞ்சியத்தான் பாத்தீங்க."

அன்று எதிரில் வந்த வேன் அவருடையது. நான் குறுக்கே போய் விழ, வேனை ஒடித்துத் திருப்பித் தப்பித்திருக்கிறார். ஆனால் நிற்கவில்லை.

"இடிச்சுட்டேன்னு நெனச்சு பயந்து போயிட்டனுங்க. பைக்குல உங்க கடைப் பேரு இருந்துச்சு. உசுரோட இருக்கீங்களான்னு பாக்க எத்தனையோ நாள் உங்க தெருவச் சுத்துனேன்."

அந்த ரோட்டில் இருபது நிமிடம் கிடந்தவன் நான். அதைக் கத்தித்தான் சொன்னேன். கத்தி ஓய்ந்ததும் வண்டியை அவர் பக்கம் தள்ளி, "சரி, காத்தக் கொறைங்க" என்றேன்.

குறைத்துவிட்டு, வளைவு முடிகிற இடத்தில் ஓரமாகப் போய் நின்றார். "என்னய மட்டும் பாருங்க பாய்!" பார்த்தேன். வண்டி தானாகச் சாய்ந்து, கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே வளைந்து போனது. அதன்பின் ஏழு தடவை ஓட்டினேன், ஒருமுறைகூடத் தாண்டவில்லை.

பழக விரும்புகிறவர்கள் ஞாயிறு எட்டு மணிக்குள் ஓட்டி முடியுங்கள். பிறகு லோடு வண்டிகள் வந்துவிடும். மணல் கிடக்கிறதா என்று நடந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள். பெட்ரோல் 80 ரூபாய்க்குள் முடிந்தது.

மன்னித்துவிட்டீர்களா என்று மனைவி கேட்டாள். தெரியவில்லை. வால்பாறைக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் என் கண்ணில் படும்படி, முன்னால்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.