தோணிப் பலகையில் வடை

என் மகன் மணந்துகொள்ள விரும்பிய பெண்ணின் தந்தை தோணி கட்டுபவர். எங்கள் கடற்கரையில் அத்தொழிலாளரை ஓடாவி என்பர். பழைய துறைமுகத்தை ஒட்டிய மணற்பரப்பில், வரைபடம் ஏதுமின்றிக் கண்ணளவும் கையளவும் கொண்டே பெருந்தோணிகளை எழுப்பியவர். நானோ கல்லூரியில் முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். சுண்ணக்கட்டியைவிடக் கனமான கருவி எதையும் தொழில்முறையாகக் கையாண்டதில்லை.

மகனும் அப்பெண்ணும் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் ஒரே மேசையின் இரு புறங்களில் அமர்ந்து பணிபுரிகிறார்கள். மேசையின் அகலம் மூன்றடி என்று மகன் சொன்னான். அவ்வளவே போதுமானதாக இருந்திருக்கிறது.

சமயம் வேறு என்பதை என் மனைவி ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீடு சைவ உணவு மட்டுமே உண்ணும் வீடு என்பதைத்தான் எடுத்துக்கொண்டாள்.

“பிள்ள நல்ல பிள்ளைதான். மாதா கோயிலுக்குப் போனா போயிட்டுப் போறா. ஆனா இந்த வீட்டுக்குள்ள மீன் வாடை வரப்படாது. முப்பத்திநாலு வருசமா வந்ததில்ல. வந்த அன்னைக்கு நான் புதுக்கோட்டைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். கல்யாணப் பேச்சும் அதோட முடிஞ்சுது.”

அவள் சொன்னால் செய்பவள். அவளுடைய மூக்கும் அத்தகையதே. நான்காம் வீட்டில் வாணலி காய்ந்தால், அதில் விழப்போவது நெத்திலியா சாளையா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள். வாழ்நாளில் மீனை உண்டறியாத ஒருத்திக்கு இந்த வேறுபாடு எவ்வாறு தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. பெண்வீட்டார் ஒருமுறை வந்து போகட்டும், அதன் பிறகு சொல்கிறேன் என்பது அவள் முடிவு. மகனின் திருமணம் அந்த ஒரு மாலையையும் ஒரு மூக்கையும் நம்பி நின்றது.

அதற்கு முன்பே நானும் மகனும் பெண்வீட்டுக்கு ஒருமுறை சென்றிருந்தோம். எங்களுக்கு மக்ரூனும் தேநீரும் தந்தார்கள். மக்ரூனில் முட்டையின் வெண்கரு உண்டு என்பதைத் தூத்துக்குடியில் பிறந்த எல்லாரும் அறிவர். நான் அன்று அறியாதவனாக இருந்து நான்கு உண்டேன். என் கருத்தைக் கவர்ந்தது மக்ரூன் வைத்திருந்த பலகை. ஒரு முழ நீளம், சாண் அகலம், பிடிப்பதற்கு ஒரு முனையில் குறுகிய கழுத்து. வரிகள் ஓடிய செம்பழுப்பு மரம்.

“தோணிக்கு அறுத்ததுல மிச்சம். சும்மா கெடந்துது, இழைச்சு வச்சேன்” என்றார் ஓடாவி.

அவர் சும்மா இழைத்து வைத்த பொருளை வீடு திரும்பும் வழியெல்லாம் மனத்துக்குள் அளந்துகொண்டே வந்தேன். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் நானும் என் கையாலேயே செய்த பலகையில் பரிமாறுவது என்று உறுதி கொண்டேன். சம்பந்தி ஆகப்போகிறவர் என்னை வெறும் சொல்லாளன் என்று எண்ணிவிடலாகாது என்ற கவலை அவ்வுறுதியில் கலந்திருந்தது.

மனைவி தன் அண்ணன் வீட்டுக்குக் கோபமின்றி, நான்கு நாள் விருந்தாகச் சென்ற வேளையில் பணியைத் தொடங்கினேன். உடைத்த தோணிகளின் மரத்தை விற்கும் கடை ஒன்று கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மாணவரோடு கொற்கை வயல்களில் பழங்காலப் பானை ஓடு பொறுக்கிய பழக்கத்தால், குவியலில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தகுதி எனக்கு உண்டென்று நம்பினேன். அயினி மரம். கறுத்துப் போயிருந்தது. ஆயினும் வாளால் அறுத்த விளிம்பில் பொன்னிறம் தெரிந்தது.

“விறகுக்கா சார்?” என்றார் கடைக்காரர்.

“உணவு பரிமாறும் பலகை செய்வதற்கு.”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். “தோணிப் பலக சார் இது. கறையான் கிட்ட வராது” என்றார். கறையான் ஏன் கிட்ட வராது என்று நான் கேட்கவில்லை. எந்தக் கூற்றுக்கும் சான்று கேள் என்று மாணவர்களுக்கு முப்பத்தோராண்டு சொல்லி வந்தவன் நான்.

வாள், இழைப்புளி, அரம் ஆகியவற்றை இரவல் பெற்றேன். மொட்டை மாடியில் வேலை நடந்தது. முதல் நாள் அளவுக்கு அறுத்தேன். நேர்கோட்டில் செல்ல வேண்டிய வாள் தன் விருப்பப்படி சென்றதால், முழ நீளம் முக்கால் முழமாகியது. இரண்டாம் நாள் இழைத்தேன். கறுப்புத் தோல் நீங்கி வரிகள் வெளிப்பட்டன. இழைக்கும்போது மரம் மணக்கும் என்று படித்திருந்தேன். எனக்கு ஏதும் மணக்கவில்லை. பெருந்தொற்று எங்கள் தெருவுக்கு வந்த ஆண்டில் என்னையும் பார்த்துவிட்டு, போகும்போது என் மோப்பத்தைக் கொண்டு போயிருந்தது. மனைவியின் மூக்கே இருவருக்கும் போதுமானதாக இருந்தமையால் அவ்விழப்பை நான் பெரிதாகக் கருதியதில்லை.

மூன்றாம் நாள் ஆணித்துளைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். கழுத்தை அரத்தால் வளைத்தேன். வலப்புறம் இடப்புறத்தைவிடச் சற்று மெலிந்தது. நான்காம் நாள் தேங்காய் எண்ணெய் பூசி வெயிலில் வைத்தேன். அண்டை வீட்டுப் பூனை நான்கு நாளும் அருகிலேயே அமர்ந்திருந்தது. இடையிடையே பலகையை நக்கவும் செய்தது. வேலைப்பாட்டை ஓர் உயிராவது மதிக்கிறது என்று எண்ணினேன்.

மகனுக்கு அவ்வாரம் சரக்கேற்றும் பணி மிகுதி. ஒருவரிடமும் சொல்லாமல், பலகையை ஞெகிழிப் பையில் இட்டு, நாளிதழில் சுற்றி, மாடி அறையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பெண்வீட்டார் மூவரும் வந்தார்கள். ஓடாவி வெள்ளைச் சட்டையில் விறைப்பாக இருந்தார். அவர் மனைவி மடியில் ஒரு கைப்பையை வைத்து, அதன் மேல் இரு கைகளையும் வைத்து அமர்ந்தார். பெண் பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள். என் மனைவி அவர்களை வரவேற்றபோது அரைக்கணம் கூடுதலாக நின்று மூச்சிழுத்தாள். முகம் தெளிந்தது. அவர்களிடம் சவர்க்கார மணமும் மல்லிகை மணமும் மட்டுமே இருந்தனவென்று பின்னர் சொன்னாள்.

அடுக்களையில் உளுந்து வடை வெந்துகொண்டிருந்தது. முதல் ஈடு எஃகுத் தட்டில் வந்ததும், நான் அதை வாங்கி, மாடியிலிருந்து கொண்டுவந்த என் பலகையைப் பிரித்துக் கூடத்தின் மேசையில் வைத்து, வடைகளை அதில் அடுக்கினேன். வாழையிலை விரித்தால் மரத்தின் வரி மறைந்துவிடும் என்பதால் விரிக்கவில்லை.

“அட, சார் செஞ்சதா?” என்றார் ஓடாவி.

“ஆம்” என்றேன். அதன் பின் சிறிது நேரம் ஒருவரும் வடையை எடுக்கவில்லை. பலகையின் அழகை முதலில் பார்க்கிறார்கள் என்று கருதினேன்.

மனைவி சட்னிக் கிண்ணத்துடன் வந்தாள். வாயிற்படியிலேயே நின்றுவிட்டாள். கிண்ணத்தை அருகிலிருந்த அலமாரியின் மேல் வைத்தாள்.

“சாளை” என்றாள்.

அவள் பார்வை விருந்தினர் மேல் சென்று, மடியிலிருந்த கைப்பையில் நின்றது. பெண்ணின் தாய் அப்பையை மெல்லத் திறந்து, கவிழ்த்துக் காட்டினார். ஒரு கைக்குட்டை, செபமாலை, பேருந்துச் சீட்டு ஆகியவை விழுந்தன.

“கோயில்லருந்து நேரா வாரோம் மதினி. இன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பே பத்தவைக்கல.”

“நான் யாரையும் சொல்லலயே.”

“பாத்தீயள்லா. அது போதும்.”

அந்தப் பெண் தலையைக் குனிந்து, எவரும் காணவில்லை என்று எண்ணி, தன் சேலை முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நான் கண்டேன். என் மகனும் கண்டான். அவன் எழுந்து நின்றான். அவன் சொல்லப்போவது எதுவாயினும் அதன் பிறகு எதுவும் பழையபடி இராது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

“தம்பி, இரிங்க” என்றார் ஓடாவி. வடைகளை ஒவ்வொன்றாக எடுத்து எஃகுத் தட்டுக்கு மாற்றினார். பலகையைத் தூக்கிப் பின்புறம் திருப்பினார். விரல்முட்டியால் தட்டினார். நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய், உடனே அகற்றினார்.

“அண்ணாச்சி, இத எங்கன வாங்குனீய?”

“கடற்கரைச் சாலையில், தோணி மரம் விற்கும் கடையில்.”

“எத்தன நாள் வேல?”

“நான்கு நாள்.”

“நாலு நாளும் இது உங்களுக்கு நாறலயா?”

“எனக்கு மோப்பம் இல்லை.”

அவர் தலையசைத்தார். என் மீது இரக்கம் கொண்டாரா, சிரிப்பை அடக்கினாரா என்பது விளங்கவில்லை. பிறகு என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

“தங்கச்சி, இது தோணிக்கு வெளிப்பலக. புழு அரிச்சிராம இருக்க வருசம் தவறாம சாளை எண்ணெய் பூசுவோம். இது ஒரு இருவது வருசம் குடிச்சிருக்கும். சூடா வடைய வச்சதும் கக்குது. எங்க வீட்டுல சார் பாத்தது கடலுக்கே போகாத புதுப் பலக. மேசையில வச்சதுமே நான் கண்டுகிட்டேன். பெரிய மனுசன் ஆசையா செஞ்சிருக்காரு, எப்படிச் சொல்லன்னுதான் இருந்தேன்.”

என் மனைவி கைப்பையிலிருந்து விழுந்தவற்றை முதலில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வீட்டுக்குள்ள இத யாரு கொண்டுவந்தா?”

“நான்” என்றேன்.

“மாடியில வச்சிருந்தீயளா?”

“மாடி அறையில்.”

“நாலு நாளா.”

“இன்றோடு ஒன்பது நாள்.”

பெண்ணின் தாய் வாயைப் பொத்திக்கொண்டார். பயனில்லாமல் போயிற்று. “எங்க வீட்டுலகூட இந்த நாத்தம் நாறாது மதினி” என்று சொல்லிச் சிரித்தார். முதலில் ஓடாவி சேர்ந்துகொண்டார், பிறகு மகன். என் மனைவி சிரிக்கவில்லை. குனிந்து, செபமாலையையும் கைக்குட்டையையும் பேருந்துச் சீட்டையும் பொறுக்கித் தன் கையாலேயே அந்தப் பைக்குள் வைத்து மூடினாள்.

“தப்பா நெனச்சுட்டேன் மதினி” என்றாள். பின் என் பக்கம் திரும்பி, “புதுக்கோட்டைக்கு நீங்கதான் போகணும்” என்றாள்.

அடுக்களையில் எண்ணெய் புகையத் தொடங்கியிருந்தது. அவள் அந்தப் பெண்ணை நோக்கி, “ஏளா, என்ன பாத்துக்கிட்டே நிக்கே? எண்ணெய் காயுதுலா. வா, வந்து அடுத்த ஈடு போடு. வடை தட்டத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும் அத்தே. ஓட்டதான் நடுவுல விழாது.”

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவள் தன் அடுப்பருகே என்னைக்கூட அனுமதித்ததில்லை. மகன் மெல்ல அமர்ந்தான். தட்டிலிருந்த ஒரு வடையை எடுத்தான். முகர்ந்து பார்க்காமலே உண்டான்.

பலகையை வெளியே கொண்டுபோகும்படி எனக்குக் கட்டளை வந்தது.

“தூரப் போட்டுராதீய அண்ணாச்சி” என்றார் ஓடாவி. “போகும்போது நான் எடுத்துக்கிடுதேன். மீன் பொரிச்சு வைக்க இத விட நல்ல பலக கெடைக்காது.” விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். “இந்த ஓரம் நல்லாவே வந்திருக்கு.” மற்ற மூன்று ஓரங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மொட்டை மாடியில் பலகையோடு நின்றேன். படிக்கட்டின் வழியே பேச்சு கேட்டது. ஆவணியா தையா என்ற வழக்கு எழுந்தது. மாதா கோயிலில் ஒரு நாள், மண்டபத்தில் ஒரு நாள் என்று ஓடாவி சொன்னார். மண்டபத்துச் சாப்பாடு சைவம் என்று மனைவி சொன்னாள். அதற்கு மறுப்பு எழவில்லை. தை மாதம் என்று முடிவாயிற்று. மணமகனின் தந்தையிடம் ஒருவரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் தை என்றே சொல்லியிருப்பேன்.

“கைய ரெண்டு தடவ சோப்பு போட்டுக் கழுவிட்டு எறங்குங்க” என்று கீழிருந்து குரல் வந்தது.

கழுவினேன். வாடை போயிற்றா என்று அறிய எனக்கு வழியில்லை. இறங்கிச் சென்று, சம்பந்திகள் முன்னிலையில், அவளிடம் இரு கைகளையும் நீட்டினேன். அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

“உக்காருங்க” என்றாள்.