வாளியில் விட்ட புது மீன்கள்

மருமகளின் மீன்கள் சாகக் காரணம் நான்தான். பழியை அவள் சுமக்கும்படி விட்டேன்.

பல்லடத்தில் உள்ள தன் அம்மா வீட்டுக்குப் போகுமுன், புதிதாக வாங்கிய மீன்களை அவள் வாளியில் விட்டு, "நோய் இருக்குதான்னு பார்க்கோணுங்க மாமா. நான் வர்ற வரைக்கும் தொட்டியில விட்டுராதீங்க" என்றாள். மறுநாளே குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பிடித்துவைக்க வாளி வேண்டுமென்று பழைய மீன்கள் இருந்த கண்ணாடித் தொட்டியிலேயே அவற்றைக் கொட்டினேன். எல்லா மீன்களின் மேலும் வெள்ளைப் புள்ளிகள் பரவின. பழைய மீன்களில் ஒன்றுதான் பிழைத்தது.

அவள் திரும்பியதும், புது மீன்கள் வாளியிலேயே செத்ததாகப் பொய் சொன்னேன். ஊருக்குப் போகுமுன் அவள் தண்ணீர் மாற்றியதால்தான் தொட்டி மீன்கள் செத்தன என்றான் மகன். அவள் அழுதாள்.

மனம் கேட்காமல், ஒருநாள் இருவரையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன்.

"அப்ப, மீனிருந்த வாளியிலயாங்க குடிக்கற தண்ணி புடிச்சீங்க?" என்றாள் மருமகள்.

"கழுவிட்டுத்தான் கண்ணு."

அவள் சிரித்துவிட்டாள்.

புது மீன்களும் அவற்றுக்கென்று தனி வாளியும் வாங்கி வந்தேன். வாரங்கள் போயும் ஒரு புள்ளிகூட வரவில்லை. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் ஊற்றி, மீன்களைப் பழக்கினோம். பிறகு அவள் வலையை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே விடுங்க மாமா."

மீன்கள் நீந்திப் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.