தலையாட்டல்

அண்ணை கனேடியக் குடியுரிமை எடுத்த பிறகு வந்த முதல் மத்திய தேர்தல் அது. எழுபதைத் தாண்டியவர். நான் கூட்டிப்போக வந்தபோது, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டோடு வாசலில் நின்றார்.

"உது என்ன, கலியாணத்துக்கோ?" என்றேன்.

"நீ பேப்பர்காரன். உனக்கு இது செய்தி. எனக்கு இஞ்சை முதல் வோட்டு."

வோபர்னில் அவருடைய மகன் வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட ஜிம்தான் வாக்குச்சாவடி. ஊரில்போலத் துவக்கோடு காவலுக்கு ஒருவரும் நிற்கவில்லை. கூடைப்பந்து வளையத்தின் கீழ் மேசைகள். முக்காடு அணிந்த இளம் அதிகாரி அண்ணையின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பழைய வெக்ஸ்போர்ட் முகவரி. புது வீட்டுக்கு வருகிற பில் எல்லாம் மகன் பேரில். மகனோ முன்கூட்டியே வாக்களித்துவிட்டு, லொறியோடு வின்னிபெக் பக்கம் போயிருந்தான்.

"உங்களை அறிந்த, இதே சாவடியில் வாக்குள்ள ஒருவர் உறுதி சொன்னால் போதும்," என்றார் அதிகாரி.

நான் நகரின் மறு கோடியில், ரெக்ஸ்டேலில் இருப்பவன். கூடப் பிறந்தவன் என்பது அங்கே செல்லுபடியாகவில்லை.

அண்ணை அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வா, போவம். அடுத்த முறை பாப்பம்."

அடுத்த முறைக்கு நாலு வருஷமும் ஆகலாம். தன் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்தது அவர் முகத்தில் தெரிந்தது.

வரிசையில் நின்ற, அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரர் என்ன பிரச்சினை என்று கேட்டார். நியூபவுண்ட்லாந்தில் பிறந்த வெள்ளைக்காரர். அவர் பிறந்தபோது அந்தத் தீவே கனடாவோடு சேர்ந்திருக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் மேசையடிக்கு வந்தார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

அவர் அண்ணையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

அண்ணையின் விரல்கள் என் கையை இறுக்கின. ஊரில் ராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்களை வரிசையாக நடத்துவார்கள். சாக்கால் முகம் மூடிய ஒருவன் ஜீப்பில் இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவன் தலை அசைந்தால் அந்த ஆள் வீடு திரும்புவதில்லை. ஒருமுறை, அண்ணைக்கு நேர் முன்னால் நடந்தவருக்கு அது அசைந்தது.

இங்கே அசைந்ததும் அதிகாரி இரண்டு பேரையும் உறுதிமொழி சொல்லவைத்தார். கையொப்பம் வாங்கினார். வாக்குச்சீட்டைக் கிழித்து அண்ணையிடம் நீட்டினார். அவ்வளவுதான். எத்தனையோ தேர்தல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஓர் அயலவர் தலையாட்டியதை நம்பி ஓர் அரசாங்கம் வாக்குச்சீட்டைக் கொடுத்ததை அன்றுதான் கண்டேன். அண்ணை அட்டை மறைப்புக்குப் பின்னால் புள்ளடி போட நெடுநேரம் எடுத்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அண்ணை என்னைச் சுரண்டினார். "நான் மற்றக் கட்சிக்காரன் எண்டு உவருக்குத் தெரியாதோ? கேள்."

அயலவரின் புல்தரையில் வேறொரு கட்சியின் பலகை நின்றது எனக்கும் தெரியும். கேட்டேன்.

"தெரியாமலா? ஒரு மாதமாக வேலிக்கு மேலால் அதைத்தானே கத்திக்கொண்டிருக்கிறார்," என்றார் அவர். "இப்போது என் வாக்கையும் வெட்டிவிட்டார். ஆனால் இந்தத் தெருவில்தானே இருக்கிறார்? அந்தப் பெண் கேட்டது அதைத்தானே?"

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அண்ணை அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார்.

"விசரன்," என்றார், மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போ. நான் உவரோட போறன்," என்றார்.

அயலவரின் கார் இருவரோடும் என்னைக் கடந்து போனது. திறந்த கண்ணாடிக்கு வெளியே அண்ணையின் கை ஆடிக்கொண்டிருந்தது. "நோ, நோ, யூ லிசன்!" என்று உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. எனக்கும் ரெக்ஸ்டேலில் ஒரு வாக்கு இருந்தது. காரை எடுத்தேன்.