மிளகு பற்றி நான் வெட்டிய இரண்டு வரிகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மிச்ச இட்லி மாவை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல். கதவைத் திறந்தால் கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் தாள்.

“கெமிஸ்ட்ரி டீச்சர் வூடு இதானே?”

இதுதான் என்றேன்.

“புக்குல வாராவாரம் எழுதுறது நீங்கதானே?”

நானேதான் என்றேன், கொஞ்சம் பெருமையாக. ரிட்டையர் ஆன பிறகு சிதம்பரத்தில் என்னைத் தேடி வருபவர்கள் இரண்டே வகை. பிள்ளைக்கு டியூஷன் கேட்பவர்கள், இந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் பாராட்ட வருபவர்கள். இவர் இரண்டாவது வகை என்று நானாகவே முடிவு செய்து, ஃபேனைப் போட்டு, சோபாவைக் காட்டினேன்.

அவர் உட்காரவில்லை.

“நீங்க எழுதுனதைப் படிச்சிட்டு எங்க வூட்டுக்காரரு ஊர்ல குடிகாரன்னு பேரு வாங்கிட்டாரு டீச்சர்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருடத்தில் இங்கே எதை எதையோ எழுதியிருக்கிறேன். யாரையும் குடிக்கச் சொன்னதில்லையே?

அவர் பெயர் ஜெய்புன்னிசா. ஊர் பரங்கிப்பேட்டை. கணவர் கமாலுத்தீன் பதினெட்டு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து, ஊரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். தாளைப் பிரித்துக் காட்டினார். மழைக்காலத் தொடக்கத்தில் மிளகைப் பற்றி நான் எழுதிய பத்தி. வழக்கமான வாசகர்களுக்கு நினைவிருக்கும். போன் போட்டு மெச்சினீர்களே... அதேதான்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற ஆல்கலாய்டு. மிளகாயின் காரம் வேறு மூலக்கூறு. ஆனால் நாக்கில் இரண்டும் போய்த் தட்டுவது ஒரே கதவை — சூட்டை உணரும் நரம்பு முனையை. அதனால்தான் ரசம் ஆறிப்போன பிறகும் ‘சுள்’ளென்கிறது. பைப்பரின் தண்ணீரில் லேசில் கரையாது, நெய்யில் கரையும். வெண்பொங்கலுக்கு மிளகை நெய்யில் பொரித்துக் கொட்டிய முதல் ஆள் கெமிஸ்ட்ரி படித்தவரா என்ன? அரைத்த தூளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சம் பட்டு அந்த மூலக்கூறின் வடிவமே மாறும், காரம் இறங்கிவிடும். இப்படியெல்லாம் அளந்திருந்தேன்.

அப்புறம் மஞ்சள் சமாச்சாரம். மஞ்சளின் சத்தை உடம்பு சுலபமாக வைத்துக்கொள்வதில்லை. வந்த வேகத்தில் கல்லீரல் அதை உருமாற்றி வெளியே தள்ளிவிடும். கூடவே மிளகு போனால், தள்ளிவிடுகிற அந்த என்சைம்களின் கையைப் பைப்பரின் கட்டிவிடும். மஞ்சள் கூடுதல் நேரம் ரத்தத்தில் தங்கும். ‘மிளகு சேர்ந்தால் மருந்தின் வீரியமே கூடும்!’ என்று முடித்திருந்தேன். ஆச்சரியக்குறி வேறு.

ஜெய்புன்னிசாவின் விரல் அந்த ஆச்சரியக்குறியின் மேல் நின்றது.

“வீரியம் கூடும்னா நல்லதுன்னுதானே டீச்சர் நாங்க நெனப்போம்?”

நடந்தது இது. கமாலுத்தீனுக்குச் சவுதியில் இருந்தபோது வலிப்பு வந்திருக்கிறது. அதிலிருந்து தினமும் ஃபெனிடாயின் மாத்திரை. பத்து வருடத்துக்கு மேலாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. வீட்டுக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்கும் விஷயம் தெரியாது. மகள் ஷிஃபானாவுக்குக் கடலூரில் சம்பந்தம் முடிவானபோது அங்கேயும் சொல்லவில்லை.

மழை பிடித்ததும் அவருக்குச் சளி, இருமல். பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு டப்பா — மஞ்சளும் பைப்பரினும் அடைத்த கேப்ஸ்யூல் — அலமாரியில் சும்மா கிடந்திருக்கிறது. என் பத்தியைப் படித்ததும் மனிதருக்கு உற்சாகம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. போதாதென்று மூன்று வேளையும் தேனில் குழைத்த மிளகுத்தூள்.

இரண்டு வாரத்தில் நடை தள்ளாட ஆரம்பித்தது. பேச்சு குழறியது. பெயின்ட் டப்பாவில் எழுதியிருப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜுமா தொழுதுவிட்டு வெளியே வந்தவர் பள்ளிவாசல் படியில் தடுமாறி விழுந்துவிட்டார். தூக்கிவிட்ட ஆள், தூக்கும் சாக்கில் வாயை மோந்து பார்த்தாராம்.

“மோந்து பாத்தாங்க டீச்சர்... அவரு வாயை!”

இதைச் சொன்னபோதுதான் அவர் கண் கலங்கியது. தண்ணீர் கொடுத்தேன். அப்போதுதான் உட்கார்ந்தார்.

மூன்றே நாளில் கடலூருக்குச் செய்தி போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா போன். “உங்க வூட்டுக்காரருக்குப் பழக்கம் இருக்காமே?” என்ன பழக்கம் என்று விளக்க வேண்டுமா? நம் ஊரில் அந்த ஒரு வார்த்தை போதுமே.

இப்போது ஜெய்புன்னிசாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். குடி என்ற பழியைத் துடைக்க வேண்டுமானால் வலிப்பைச் சொல்ல வேண்டும். வலிப்பைச் சொன்னால், ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். எந்தப் பக்கம் போனாலும் அடி விழுவது மகளின் நிக்காஹ் மேல்.

முதலில் கணவரைச் சிதம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டி வந்திருக்கிறார். இளம்பெண் டாக்டர். வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? இல்லை. நாட்டு மருந்து? இல்லவே இல்லை. ரத்தத்தைப் பரிசோதித்தால் வலிப்பு மருந்தின் அளவு எகிறிக் கிடக்கிறது. மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டதும் கமாலுத்தீனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எண்ணி எண்ணிப் போடுறவன் மேடம் நான்!”

அந்தப் பெண் பொறுமைசாலி. “சரி, காலைல எந்திரிச்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் வாயில என்னென்ன போடுறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றிருக்கிறார். டீ வந்தது. ஆப்பம் வந்தது. மீன் வந்தது. கடைசியில்தான் மிளகுத்தூளும் அந்த மஞ்சள் கேப்ஸ்யூலும் வந்தன.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“அது மருந்து இல்லியே மேடம். மளிகை சாமான்தானே?”

சிரிக்காதீர்கள். டாக்டர் கேட்கும்போது நம்மில் எத்தனை பேர் மிளகைச் சொல்லியிருக்கிறோம்? சுக்கை? திரிகடுகத்தை? மருந்தாக நினைத்துத்தான் விழுங்குகிறோம். டாக்டர் முன்னால் மட்டும் அது சமையல் சாமானாகிவிடுகிறது.

இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் பலமாக இருக்கிறது என்று சொல்லி, டாக்டர் கேப்ஸ்யூலையும் தேன் மிளகையும் நிறுத்தினார். மாத்திரையையும் தன் கண்காணிப்பில் சரிசெய்தார். கொஞ்ச நாளில் கமாலுத்தீன் நேராக நடந்தார். எழுத்தும் ஒன்றாகத் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாதாடினேன்.

“ரசம் வையுங்கள், பொங்கல் சாப்பிடுங்கள் என்றுதானே எழுதியிருக்கிறேன்? கேப்ஸ்யூல் என்று ஒரு வார்த்தை இருக்கா, காட்டுங்க பார்ப்போம்!”

அவர் என்னையே பார்த்தார். முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளை நான் பார்த்த பார்வை அது. பொய் சொல்கிறான் என்று தெரிந்தும், தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிற பார்வை.

சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தியை முதலில் எழுதியபோது இரண்டு வரி கூடுதலாக இருந்தது. ‘வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மிளகை மருந்தாக எடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். பைப்பரினுக்கு மஞ்சள் எது, மாத்திரை எது என்று தெரியாது, எல்லாவற்றையும் தங்க வைத்துவிடும்.’ பத்தி நீண்டுவிட்டது. எதையாவது வெட்டியாக வேண்டும். வெண்பொங்கல் ஜோக்கை வெட்ட மனசு வரவில்லை. இதை வெட்டினேன். பத்திரிகை ஆசிரியர் வெட்டவில்லை, நானே வெட்டினேன்.

அதிலும் ஃபெனிடாயின் முரட்டுப் பேர்வழி. ஓர் அளவுக்கு மேல் அதைக் கையாளக் கல்லீரல் திணறும். கொஞ்சம் தேங்கினாலும் ரத்தத்தில் அளவு தாவிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன். தெரியாமல் செய்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

இந்த வாரம் இதை எழுதப் போகிறேன் என்றதும் இரண்டு யோசனை வந்தது. இயற்கை உணவு அன்பர் ஒருவர், “மிளகைக் காட்டிக் கொடுக்காதீங்க, மருந்துக் கம்பெனிக்காரன் குதிப்பான்” என்றார். மெடிக்கல் ரெப்பாக இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், “நாட்டு மருந்தே டேஞ்சர்னு ஓங்கி அடிங்க மேடம்” என்றான்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முடியாது!

மிளகை நான் விட மாட்டேன். இன்றைக்கும் என் வீட்டில் மிளகு ரசம்தான். சமையலில் போடுகிற மிளகுக்கு யாரும் பயப்பட வேண்டாம். அதே மிளகிலிருந்து காரத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கேப்ஸ்யூலில் அடைத்து விழுங்கினால் அது ரசம் கிடையாது, மருந்து. மிளகும் மருந்துதான் என்று மார்தட்டுகிறோமே, மருந்துக்கு உண்டான பயத்தையும் அதற்குக் கொடுக்க வேண்டாமா? வேலை செய்யாத பொருளாக இருந்தால் கமாலுத்தீனை அது படியில் தள்ளியிருக்காது.

சரி, கடலூர் என்ன ஆயிற்று? கேட்டேன்.

ஜெய்புன்னிசா தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு ஹாலில், அவர்கள் உறவுப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது சொல்லியிருக்கிறார்.

“அவருக்கு வலிப்பு இருக்கு. மறைச்சது எங்க தப்பு, மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன் டீச்சர். ஆனா குடிக்கிறாருன்னு போன்ல கேட்டீங்கல்ல, அதுக்கு நீங்க மன்னிப்புக் கேக்கணும்னும் சொன்னேன்.”

“கேட்டாங்களா?”

“யோசிச்சு சொல்றோம்னாங்க. இன்னும் சொல்லல.”

“ஷிஃபானா?”

“வலிப்புக்குப் பயந்து வேணாங்கிறவங்க வேணாம், போவட்டும்னுட்டா. இங்க வர்றதுக்கு என்னைய பஸ் ஏத்தி விட்டதே அவதான்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

“எங்கிட்ட கேட்டு என்ன புண்ணியம்? எழுதுனது புக்குல. புக்குலயே எழுதுங்க.”

எழுதுகிறேன் என்றேன். பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன், கவலைப்படாதீர்கள் என்று வாக்கும் கொடுத்தேன். அவருக்கு வந்ததே ஒரு கோபம்!

“எதுக்கு மாத்தணும்? குடிகாரன்னு பேசுனவங்க பேரை மாத்தியா பேசுனாங்க?”

உங்கள் கணவர் சம்மதிக்க வேண்டாமா என்று இழுத்தேன். அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“மச்சான், டீச்சர் உங்க பேரு போடவான்னு கேக்குறாங்க.”

மறுமுனையில் ஒரு குழறலும் இல்லாத கணீர்க் குரல்.

“போடச் சொல்லு. பெயின்ட் கடைன்னும் சேத்துப் போடச் சொல்லு. ஊர்ல கமாலுத்தீன் நெறைய பேரு. வேற யாரையாவது நெனச்சிக்கப் போறாங்க.”

பெயின்ட் கடை கமாலுத்தீன், பரங்கிப்பேட்டை: வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார், குடிப்பதில்லை.